நடுகற்களிற் காணும் ஆடை
ஒசூர், கிருட்டினகிரி எல்லைப் பகுதி பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டு மக்கள் பண்டு உடுத்த ஆடையை அறிய விழைவார்க்கு அவ்வாடையே கிடைக்குமாயின் வேறு சான்று வேண்டுவதில்லை. தமிழகத்தில் அந்நற்பேறு நமக்கு வாய்த்திலது. மழையும் வெம்மையும் கறையானும் மிக்க இந்நிலத்தில் பருத்தியும் பட்டும் சில தலைமுறைகளுக்கு மேல் நில்லா. எகிப்து நாட்டில், பழைய கெய்ரோவின் பகுதியாகிய ஃபுஸ்தாத்தில், இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் குசராத்திலிருந்து, கடல் கடந்து சென்ற அச்சுப்பருத்தித் துணிகளின் துண்டுகள் வறண்ட மண்ணிற் புதைந்து கிடந்தமையால் இன்றளவும் அழியாதிருக்கின்றன. நெய்த நாட்டிலோ அத்துணியின் ஓர் இழையும் காண்டல் அரிது. கொடுமணல் அகழாய்விற் கிடைத்த சுடுமண் தக்களிகள் ஆங்கு நூல் நூற்றமைக்குச் சான்றாகின்றன. ஆயின், நூற்ற நூல் எவ்வாறு நெய்யப்பட்டது, எவ்வாறு உடுக்கப்பட்டது என்பவற்றை அவை கூறமாட்டா.

ஆகவே, பழந்தமிழர் ஆடையை அறிய நமக்கு எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று இலக்கியம், மற்றொன்று சிற்பமும் ஓவியமும் ஆகிய கலைச்சான்று. இவற்றுள் இலக்கியச் சான்றினை அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கலைச்சான்றினை ஆராய்ந்தோரும் பெருங்கோயிற் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையுமே பெரிதும் நோக்கினர். அவற்றிற் காணப்படுவது தெய்வங்களின் உடை. அரசர் அரசியரின் உடை. சிற்றூரில் வாழ்ந்து, ஆநிரை மீட்டோ புலியொடு பொருதோ உயிர்நீத்த எளிய மறவன் என்ன உடுத்திருந்தான் என்னும் வினாவுக்கு விடை தரவல்லவை நடுகற்களே. அத்தகைய கற்கள் மிகுந்து கிடக்கும் நிலப்பகுதிகளுள் ஒன்று கருநாடக எல்லையை அடுத்த ஒசூர், கிருட்டினகிரிப் பகுதியாகும். அக்கற்களிற் காணும் ஆடை எத்தகைய சான்று, அதனை எவ்வாறு படித்தல் வேண்டும், அச்சான்று இன்று எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றனையும் ஈண்டு ஆராய்வோம்.

1. சொல் தரும் சான்று

கல்லை நோக்குமுன் சொல்லை நோக்குதல் நலம். ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல அறுத்தல், துணித்தல் என்னும் பொருளின் அடியாகப் பிறந்தவை. அறுவை என்பது அறு என்பதன்கண்ணும், துணி, துண்டு என்பன துணித்தற் பொருளின்கண்ணும் தோன்றின. தறியினின்றும் அறுத்தெடுத்த அளவான நெடுந்துணியே ஆடை என்பது இச்சொற்கள் தரும் செய்தி. வெட்டித் தைத்த உடை தமிழர்க்குத் தெரியாததன்று. புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. யவனர் மெய்ப்பை அணிந்திருந்தமையை முல்லைப்பாட்டுக் கூறுகின்றது. எனினும் உடுத்தும், சுற்றியும், முடிந்தும் அணிவதே பெருவழக்காக இருந்தது.

தானை என்னும் சொல் ஆடைக்கும் படைக்கும் பொதுவாக வழங்குவது கருதற்குரியது. முன்தானை என்பது முன்றானையாக இன்றும் நம் வழக்கில் உளது. முழந்தாளளவாக வீரர் உடுத்த உடைக்கு வட்டுடை என்று பெயர். இடையை இறுக்கிக் கட்டுவது கச்சு அல்லது கச்சை எனப்பட்டது. துணியைக் கால்களின் இடையே வாங்கிப் பின்னே செருகுவதைத் தார்பாய்ச்சிக் கட்டுதல் என்பர். அதுவே கச்சம் எனவும் படும். கன்னடத்தார் இதனைக் கச்செ என்றும் தெலுங்கர் கோசி என்றும் வழங்குவர். மகளிர் உடுப்பது தமிழில் சீலை, சேலை, கன்னடத்தில் சீரெ, தெலுங்கில் சீர. மூன்று மொழியும் கலந்து வழங்கும் ஒசூர்ச் சந்தையில் இம்மூன்று பெயரையும் ஒருங்கே கேட்கலாம். பழந்தமிழ் நூல்களில் சீரை என்பது மரவுரியைக் குறிப்பது ஈண்டு ஒப்பிடற்பாலது. ஆயினும், பெயர் மட்டும் கொண்டு உடுத்த முறையைத் துணிதல் இயலாது. அதற்குக் கல்லே துணை செய்தல் வேண்டும்.

2. எல்லைப் பகுதியின் நடுகற்கள்

கல்லைக் காண்பது முதலாக வாழ்த்துவது ஈறாக நடுகல் எடுக்கும் நிலைகள் ஆறனைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்தோதும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டறியப்பெற்ற தமிழிக் கல்வெட்டுடைய நடுகற்கள் மிகத் தொன்மையானவை. ஆனால் அவற்றில் எழுத்து உண்டேயன்றி உருவம் இல்லை. உருவமும் எழுத்தும் ஒருங்கே பெற்ற கற்களை, கிருட்டினகிரிக்குக் கிழக்கே செங்கம் பகுதியில், 6ஆம் நூற்றாண்டினனாகிய பல்லவன் சிம்மவிட்டுணுவின் காலம் தொட்டுக் காண்கின்றோம். அக்கற்களிற் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதியாக வெளியிட்டது.

கிருட்டினகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டிலே தருமபுரியினின்றும் பிரிக்கப்பட்டது. இந்நிலத்தைப் பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் எனப் பலர் அடுத்தடுத்தும் ஒருங்கும் ஆண்டனர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள வீர இராமநாதன் தன் தலைநகரைக் கண்ணனூரிலிருந்து குந்தாணிக்கு மாற்றிக் கொண்டான். அக்குந்தாணி கிருட்டினகிரிப் பகுதியில் உள்ள இன்றைய சின்னக்கொத்தூர்ப் பக்கத்ததாகும். இவ்வாறு அரசும் மொழியும் மாறிமாறி வந்த எல்லையில் நடுகல் எடுக்கும் வழக்கம் மட்டும் பல்லவர் காலம் முதல் விசயநகரத்துக்குப் பிற்பட்ட காலம் வரை இடையறாது நின்றது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்த கற்கள் இங்கு உள. ஆட்சியாண்டு பொறித்த கல் காலம் தெரிந்த கல். அதன்மேல் உள்ள ஆடையும் காலம் தெரிந்த ஆடையாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கால உடை வரலாறு ஒரே நிலத்தில் தொடர்ச்சியாகக் கிடைப்பது எளிதன்று. இக்கற்களின் பெருமதிப்பு இதன்கண்ணதே என்பது எம் கருத்து.

இந்நிலத்து மக்கள் இவற்றைக் கற்களாகக் கருதுவதிலர். பல ஊர்களில் நடுகல்லே வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்பெறுகின்றது. எண்ணெய் பூசி, மாலை சாத்தி, புதுத்துணி உடுத்துவர். கல்லுக்குத் துணி சாத்தும் இவ்வழக்கம் புதியதன்று. நடுகல்லின்மேல் துணியாலாகிய பந்தல் இட்டு மயிற்பீலி சூட்டியமையைப் புறநானூற்றின் 260ஆம் பாட்டால் அறிகின்றோம். ஆகவே நடுகல்லில் ஆடை இருவகையாக அமைகின்றது: கல்லிற் செதுக்கப்பட்டது ஒன்று, கல்லின்மேற் சாத்தப்படுவது மற்றொன்று. முன்னது வீரன் வாழ்ந்த நாளையது. பின்னது வழிபடுவோர் தம் நாளையது.

3. வீரனின் உடை

பல்லவர் காலத்து நடுகற்களில் வீரன் பெரும்பாலும் ஒரு பக்கம் திரும்பி, கால்களை அகல வைத்து, ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்தி நிற்பான். அவன் உடை தொடையளவோ முழந்தாளளவோ நிற்கும் குறிய அரையாடை. அதன்மேல் கச்சை இறுக்கப்பெற்றிருக்கும். சில கற்களில் கச்சையிடையே குறுவாள் செருகப்பட்டிருக்கும். முடிச்சினின்றும் துணியின் தலைப்பு இடுப்புக்குப் பின்னே பறப்பதுபோலச் செதுக்கப்பட்டிருக்கும். மேலாடை காட்டப்படுவதில்லை. வட்டுடை என இலக்கியம் கூறுவது இத்தகைய உடையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற்காலத்துக் கற்களில் மாற்றம் தெளிவாகப் புலப்படுகின்றது. கருநாடக மரபின் செல்வாக்கால் ஒரே காட்சியாக இருந்த கல் இரண்டு மூன்று அடுக்குகளாகப் பகுக்கப்படுகின்றது. கீழ் அடுக்கில் போர். இடையில் வானுலக மகளிர் வீரனை ஏந்திச் செல்லல். மேலே அவன் இலிங்கத்தை வழிபடல். ஒரே வீரன் இவ்வடுக்குகளில் வெவ்வேறு தோற்றத்தில் இருத்தலின், போரிலும் வழிபாட்டிலும் உடுத்த முறை ஒன்றா வேறா என வினவுதற்கு இவை இடந்தருகின்றன. விசயநகரக் காலத்தை ஒட்டிய கற்களில் அரையாடை நீண்டு, முன்கொசுவம் விசிறிபோல் முழந்தாள்களுக்கிடையே தொங்கும். தலையிற் பாகையோ, ஒருபுறம் சரிந்த கொண்டையோ காணப்படும். இப்பகுதியில் மிகுதியாக உள்ள புலிக்குத்திக் கற்களில், புலியின் வாயிலோ மார்பிலோ படை பாய்ச்சும் வீரனின் ஆடை இறுகக் கட்டப்பட்டிருக்கும்.

இம்மாற்றத்தை உடைமாற்றம் என்றே கொள்ளலாமா? ஈண்டுத்தான் ஆய்வாளர் விழிப்பாக இருத்தல் வேண்டும். பறக்கும் தலைப்பு வீரனின் துணி அவ்வளவு நீளமானது என்பதைக் காட்டுவதன்று. அவன் விரைந்து பாய்கின்றான் என்பதைக் காட்டுவது. அசையாத கல்லில் அசைவைக் காட்டச் சிற்பிக்குக் கிடைத்த கருவி துணி. உடலும் படைக்கருவியும் ஒரு நிலையில் நின்றுவிடும்; துணி ஒன்றே காற்றுக்கும் விரைவுக்கும் இயைந்து தோன்றவல்லது.

4. மகளிரின் உடை

கணவனோடு உயிர்நீத்த மகளிர்க்கு எடுத்த கற்களும், வீரன் அருகில் மனைவியும் நிற்கும் கற்களும் இப்பகுதியில் உள. கருநாடகத்தில் இவற்றை மாசுத்திக்கல் என வழங்குவர். உயர்த்திய கையும் அதன்கண் உடையாத வளையும் இக்கற்களின் அடையாளம். இங்கு ஆடை கணுக்காலளவும் நீள்கின்றது; முன்னே கொசுவம் அடுக்கடுக்காக விழுகின்றது. சாவினை நோக்கிச் செல்பவளை மணமகள் கோலத்திற் காட்டுவது இம்மரபு. ஆதலின் இவ்வாடையை அக்காலப் பெண்டிரின் நாள்வழக்கு உடை எனக் கொள்ளுதல் கூடாது. வயலிலும் களத்திலும் உழைத்தவள் இவ்வாறு கணுக்கால் மறைய உடுத்திருந்தாள் என்பதற்கு இக்கல் சான்றாகாது. வீரன் இறுதிப் போரின் உடையில் நிற்கின்றான். அவன் மனைவி வாழ்வின் மிகச் சிறந்த நாளின் உடையில் நிற்கின்றாள். ஒரே கல்லில் இருவேறு பொழுதின் உடைகள் உள்ளமை நோக்கத்தக்கது.

5. கல்லில் இல்லாததும் வண்ணத்தில் உள்ளதும்

நடுகல் ஆடையின் அளவையும் கட்டையும் முடிச்சையும் காட்டும். நிறத்தையும் பூவேலையையும் காட்டுவது அரிது. பருத்தியா பட்டா என்பதைக் கல்லைக்கொண்டு கூறல் எவர்க்கும் இயலாது. மத்தியப் பட்டு வாரியம் 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டுப்புழு, மல்பெரி மரபுவளக் காப்பகம் ஒசூரில் அமைந்திருத்தலாலும், சுற்றிலும் மல்பெரித் தோட்டங்கள் இருத்தலாலும், இந்நிலத்து வீரரும் பட்டுடுத்தனர் எனச் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் கல்லில் யாதொரு சான்றும் இல்லை.

நிறத்தையும் பூவேலையையும் அறிய ஓவியத்தை நாடுதல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். எல்லைப் பகுதிக்கு அண்மையிலே, தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டைச் சென்னராயப் பெருமாள் கோயில் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. இவற்றினும் ஆடை ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாவன ஒசூருக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள், இந்துப்பூரை அடுத்த இலேபாட்சி வீரபத்திரர் கோயில் ஓவியங்கள். அச்சுத தேவராயர் (1529–1542) காலத்தில் விருபண்ணர் என்னும் அரசு அலுவலரால் அக்கோயில் சிறப்புற்றது. அவ்விதானங்களில் வரிசையாக நிற்கும் மகளிரின் சேலைகளில் கோடும் கட்டமும் பூவும் கொடியும் அன்னமும் மாறிமாறி வருகின்றன. கரையும் முன்றானையும் தனித்தனியே தீட்டப்பட்டுள்ளன. ஆடவர் தலையில் உயர்ந்த கூம்புக் குல்லாய் உளது.

அக்குல்லாய் பற்றி ஒன்று கூறல் வேண்டும். விசயநகர அரசவையார் அணிந்த குல்லாயி, கபாயி என்பன முறையே பாரசீக, அரபுச் சொற்களின் வழிவந்த பெயர்களையுடைய உடைகள் என்றும், அன்று பரந்த உலகில் மதிப்புற்ற அரசவை உடையை அவர்கள் தாமே விரும்பி மேற்கொண்டனர் என்றும் பிலிப் வாகனர் 1996ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அரசவையில் தைத்த உடை இவ்வாறு புகுந்த அதே காலத்தில், அவ்வரசுக்குட்பட்ட எல்லைச் சிற்றூர்களின் நடுகல் வீரர் பொதுவாக உடுத்த உடையிலேயே நிற்கின்றனர். கோயில் விதானத்தை மட்டும் நோக்குவோர் அக்காலத் தென்னாட்டார் அனைவரும் குல்லாய் அணிந்தனர் என்பர். நடுகல்லை மட்டும் நோக்குவோர் தைத்த உடையே இல்லை என்பர். இரண்டனையும் ஒருங்கு நோக்குவார்க்கே அவையும் ஊரும் வேறு வேறு உடையில் வாழ்ந்தமை புலனாகும்.

6. பிற நாட்டு ஒப்புமை

துணியைக் கலையிற் காட்டும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். காந்தாரச் சிற்பி புத்தர் பெருமானின் போர்வையைத் தடித்த மடிப்புகளாகச் செதுக்கினான். 5ஆம் நூற்றாண்டுச் சாரநாத்துச் சிற்பியோ மடிப்பையே விலக்கி, கழுத்திலும் கணுக்காலிலும் ஓரக்கோடு மட்டும் இட்டு, துணியின் மென்மையை உணர்த்தினான். அக்கோட்டைக் காணாதவர் அவ்வுருவம் ஆடையற்றது என மயங்குவர். கண்ணுக்கு இழை புலப்படாத நுண்ணிய ஆடையைப் பாம்பின் உரியோடு ஒப்பிட்ட பொருநராற்றுப்படையைக் கற்ற நமக்கு இச்சாரநாத்து முறை வியப்பளிக்காது. நம் நடுகற்களிலும், தொடையின் குறுக்கே ஓடும் ஒற்றைக் கோடே ஆடைக்கு முழுச்சான்றாக நிற்றல் உண்டு.

இத்தாலிய நாட்டு இராவென்னாவில், 547ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பெற்ற சான் விதாலே கோயிலின் பதிகல் ஓவியத்தில், பேரரசி தியோதோராவின் மேலாடைக் கரையில் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை ஏந்திச் செல்லும் ஞானியர் மூவரின் உருவம் காட்டப்பட்டுள்ளது. அரசி காணிக்கை ஏந்தும் காட்சியின் பொருளை அவள் ஆடைக்கரையே விளக்குகின்றது. சாவக நாட்டில் 13ஆம் நூற்றாண்டுச் சிங்கசாரிச் சிற்பங்களில் துணியின் பூவேலை கல்லிலே நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளது; ஆங்குத் துணி மறைந்தும் பூவேலை நின்றது. இவ்வாறு அரசவைச் செல்வம் படைத்த கலைகள் ஆடையின் அணியைக் காட்டின. ஊர்மக்கள் எடுத்த நடுகல்லோ ஆடையின் தொழிலைக் காட்டிற்று. எது இறுகக் கட்டப்படல் வேண்டும், எது காலைத் தடுக்கலாகாது, வாள் எங்கே செருகப்படும் என்பனவே அதன் கருத்து. இவ்வேறுபாடு கலைத்திறனின் குறைவன்று. நோக்கின் வேறுபாடு என்க.

7. படிக்கும் நெறி

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறிகள் நான்கு.

முதலாவது, கலைமரபையும் உடைவழக்கையும் பிரித்தறிதல். பறக்கும் தலைப்புப் போன்றவை மரபு; ஆடையின் நீளம், கட்டு, கச்சம் ஆகியவை வழக்காதல் கூடும். ஒரே பகுதியில், வெவ்வேறு கைத்திறமுடைய சிற்பிகளின் கற்களில் ஒத்துக் காணப்படுவதையே வழக்கு எனத் துணிதல் வேண்டும்.

இரண்டாவது, இன்மையைச் சான்றாகக் கொள்ளாமை. பர்கூரை அடுத்த மல்லபாடிப் பாறையில் வெண்ணிறத்தாற் தீட்டிய மாந்தர் சில கோடுகளாலேயே காட்டப்பட்டுள்ளனர்; அதுகொண்டு அவர் ஆடையறியாதார் எனல் எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே மேலாடை செதுக்கப்படாமை கொண்டு வீரர் மேலாடையறியாதார் எனலும் பொருந்தாது.

மூன்றாவது, சுழல்வாதத்தை விலக்கல். எழுத்தில்லாத கல்லை அதன் ஆடை கொண்டு காலங்கணித்து, பின்னர் அக்கல்லையே அக்கால ஆடைக்குச் சான்றாகக் காட்டுதல் பிழை. ஆட்சியாண்டு உடைய கற்களைக்கொண்டு முதலில் வரிசை அமைத்தல் வேண்டும்; எழுத்தில்லாதவற்றை அதன்பின் அவ்வரிசையிற் பொருத்திக் காணலாம்.

நான்காவது, எந்த நாளின் உடை எனக் கேட்டல். போர்நாள், வழிபாட்டு நாள், இறுதிநாள் என்பன வெவ்வேறு உடை வேண்டுவன.

8. இன்றைய நிலை

ஒசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது; 2019ஆம் ஆண்டில் அவ்வூர் மாநகராட்சியாயிற்று. ஆலைகளும் வீட்டுமனைகளும் அகன்ற சாலைகளும் பெருகின. கிருட்டினகிரிப் பக்கம் கருங்கல் வெட்டுந்தொழில் பெருந்தொழிலாக உளது. ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நின்ற கற்கள் இடம் பெயர்க்கப்படுகின்றன. சில கிருட்டினகிரி அரசு அருங்காட்சியகத்தை அடைந்து பாதுகாப்புப் பெற்றன. எஞ்சியவற்றுள் பலவற்றுக்கு வந்துள்ள இடர் பகைமையால் வந்ததன்று, அன்பினால் வந்தது. வேடியப்பனுக்குப் புதுக்கோயில் எடுப்போர் கல்லைச் சிமிட்டியில் முழந்தாளளவு புதைக்கின்றனர். பளபளக்கும் வண்ணம் பூசுகின்றனர்.

இதனால் முதலில் அழிவது ஆடையே. வீரனின் உருவம் புடைத்து நிற்பது. வாளும் வில்லும் ஆழமாகச் செதுக்கப்பட்டவை. எழுத்தும் வெட்டப்பட்டதாகலின் வண்ணத்தின் அடியிலும் ஓரளவு தெரியும். துணியின் ஓரக்கோடும் மடிப்பும் கரையுமோ மிக மெல்லிய கீறல்கள். இரண்டு முறை வண்ணம் பூசினால் அவை தூர்ந்துவிடும். ஆடையின் நீளத்தைக் கூறும் கீழ் விளிம்பு சிமிட்டிக்குள் மறையும்.

இவ்விடர்க்கு ஆய்வுலகமும் ஒருவாற்றாற் பொறுப்புடையது. நடுகல்லைக் கண்டவுடன் மைப்படி எடுக்கின்றோம். எழுத்தைப் படித்து அரசன் பெயரும் ஆண்டும் குறிக்கின்றோம். உருவத்தைப் பற்றி ‘வில்லும் வாளும் ஏந்திய வீரன்’ என ஒரு வரி எழுதி அமைகின்றோம். மைப்படி எழுத்தைக் காக்கும், ஆடையைக் காவாது. கல் நாளை மறையுமாயின் அரசன் பெயர் நம் தொகுதிகளில் நிலைக்கும். அவ்வரசன் பெயரால் ஆண்டு குறித்து எவனுக்குக் கல் நடப்பட்டதோ அவன் எவ்வாறு உடுத்தி நின்றான் என்பது மீளாது.

ஆதலின் முதுகலை மாணவர்க்கும் களஆய்வு செய்வோர்க்கும் யாம் பரிந்துரைப்பது இது. ஒவ்வொரு நடுகல்லுக்கும் கல்வெட்டுப் படியோடு ஆடைக் குறிப்பு ஒன்றும் எழுதுதல் வேண்டும். ஆடையின் கீழ்விளிம்பு தொடையளவா, முழந்தாளளவா, கணுக்காலளவா; முடிச்சு எப்பக்கம்; தலைப்பு ஒன்றா இரண்டா; கச்சம் வாங்கப்பட்டதா; கச்சையிற் படை செருகப்பட்டதா; மகளிராயின் முன்றானை எத்தோளின்மேற் செல்கின்றது; தலையில் உள்ளது முடியா, பாகையா, கொண்டையா என்பன அதில் இடம்பெறல் வேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும் பொழுதில் ஒளிப்படம் எடுத்தால் நண்பகலில் தெரியாத மடிப்புகள் நிழலால் எழுந்து தோன்றும். வழிபாட்டிலுள்ள கல்லாயின் ஊரார் இசைவு பெற்ற பின்னரே தொடுதல் வேண்டும். சாத்திய துணியை அகற்றுதல் அவர்தம் கையாலேயே நிகழ்தல் தகும். கல்லில் உள்ள மெல்லிய கோடு அவர்தம் முன்னோன் உடுத்த ஆடை என்பதை எடுத்துரைப்பின், வண்ணம் பூசுவதை அவர்களே கைவிடுதலும் கூடும்.

முடிவுரை

நெய்த துணி மறைந்த நாட்டில், கல்லே துணியின் எச்சமாக நிற்கின்றது. பெருங்கோயில்கள் தெய்வத்தின் உடையையும், விதான ஓவியங்கள் அவையின் உடையையும் நமக்கு வைத்துச் சென்றன. ஊர்மகனின் உடையை வைத்திருப்பது நடுகல். ஒசூர், கிருட்டினகிரி எல்லையில் அது பல நூற்றாண்டுத் தொடர்ச்சியாகவும், மும்மொழி எழுத்தோடும் கிடைப்பது நம் ஆய்வுக்கு வாய்த்த அரிய பேறு. அத்தொடர்ச்சியில் ஆட்சியாண்டு உடைய கற்களை மட்டும் முதற்கண் எடுத்து, ஆடைக் குறிப்போடு வரிசைப்படுத்தும் பணியை ஒரு துறை மேற்கொள்ளுமாயின், தமிழர் உடைவரலாற்றுக்கு உறுதியான அடிப்படை ஒன்று அமையும். அப்பணிக்குரிய கற்கள் இன்னும் வயல்களில் நிற்கின்றன. அவற்றின் மெல்லிய கோடுகள் வண்ணத்தின் கீழ் மறையுமுன் அது தொடங்கப்படல் வேண்டும்.